ஜூடித் ஸ்காட்: 35 ஆண்டுகள் விடுதியில் அடைபட்டிருந்த நூல் கலைஞர், தோட்டப்புறக் குடும்பங்கள் இவரை ஏன் அறிய வேண்டும்?

நூல், கம்பளி இழை, கயிறு, துணிக் கீற்று. இவற்றை வைத்து 18 ஆண்டுகளில் சுமார் 200 சிற்பங்களைச் செய்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜூடித் ஸ்காட். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்திலும் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர அருங்காட்சியகத்திலும் இன்று அவருடைய படைப்புகள் இருக்கின்றன.

அவருக்குக் காது கேட்காது. டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவர். பேசியதில்லை. சைகை மொழியையும் யாரும் அவருக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. 43 வயதில்தான் முதன்முதலாக ஒரு கலைக்கூடத்துக்குள் நுழைந்தார்.

அவர் வாழ்ந்த இடமோ ஈப்போவிலிருந்து வெகுதொலைவு. பேராக்கில் இருக்கும் நாம் ஏன் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ளணும்? அவருக்குக் காது கேட்கவில்லை என்பதை 30 வயது தாண்டும்வரை யாரும் கண்டுபிடிக்கவே இல்லை. "இந்தப் பிள்ளைக்குப் புத்தி மட்டு" என்று ஒரு முறை எழுதி வைத்தார்கள். அந்த ஒரு வரி 35 ஆண்டு வாழ்க்கையைத் தின்றுவிட்டது. இதே வரியை வேறு வார்த்தைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நம்முடைய பழைய ரப்பர் தோட்டங்களிலும் உண்டு.

அவர் யார், என்ன செய்தார், அந்தப் படைப்புகள் எதைப் பற்றியவை, அதிலிருந்து நம் குடும்பங்கள் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? கேள்வி கேள்வியாகப் பார்ப்போம்.

சுருக்கமாக

- 1943: அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் இரட்டையர்களில் ஒருவராகப் பிறந்தார். சகோதரி ஜாய்ஸுக்கு எந்தக் குறைபாடும் இல்லை.
- 1950: 7 வயதில் அரசு விடுதியில் சேர்க்கப்பட்டார்.
- 1986: சகோதரி ஜாய்ஸ் சட்டப்படி பாதுகாவலராகி அவரை கலிஃபோர்னியாவுக்கு அழைத்து வந்தார்.
- 1987: ஓக்லாண்ட் நகரில் உள்ள 'கிரியேட்டிவ் குரோத்' கலை மையத்தில் சேர்ந்தார்.
- 1999: முதல் தனிக் கண்காட்சி நடந்தது. அவரைப் பற்றிய முதல் நூலும் வெளியானது.
- 2005: 61 வயதில் காலமானார்.

காது கேட்காதது ஏன் தெரியாமல் போனது?

குழந்தைப் பருவத்தில் ஜூடித்துக்குச் செங்காய்ச்சல் வந்தது. தொண்டையைத் தாக்கும் ஒரு பாக்டீரியாவால் வரும் காய்ச்சல் இது. அந்தக் காலத்தில் அதன் பின்விளைவாகக் காதில் தொற்று பரவிச் செவித்திறன் போவது உண்டு. ஜூடித்துக்கும் அதுதான் நடந்தது.

ஆனால் டவுன் சிண்ட்ரோம் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். கேளாமை வெளியே தெரியாது. பிள்ளை பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றதும், எல்லாவற்றையும் டவுன் சிண்ட்ரோமின் கணக்கில் எழுதிவிட்டார்கள். காதைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகு நடந்தது இன்னும் மோசம். அவருடைய அறிவுத்திறனை அளக்கச் சோதனை வைத்தார்கள். அது வாயால் கேட்டு வாயால் பதில் சொல்லும் சோதனை. கேள்வியே காதில் விழாத பிள்ளை எப்படிப் பதில் சொல்லும்? அறிவுத்திறன் 30 என்று பதிவானது. பள்ளிப் படிப்புக்குத் தகுதி இல்லை என்று முடிவானது.

இது ஜூடித்துக்கு மட்டும் நடந்த விபத்து இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் செவித்திறன் குறைபாடு அதிகம் காணப்படுகிறது. காதின் உட்புற வழிகள் குறுகலாக இருப்பதும், நடுக்காதில் நீர் தேங்குவதும் இதற்கு முக்கியக் காரணங்கள். அதனால்தான் இப்போது இத்தகைய பிள்ளைகளுக்குச் சிறு வயதிலிருந்தே காதுப் பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.

விடுதியில் என்ன நடந்தது?

இரட்டையர்கள் இருவரும் ஏழு வயதுவரை ஒரே படுக்கையில் தூங்கி, ஒரே முற்றத்தில் விளையாடியவர்கள். 1950 அக்டோபரில் ஒரு நாள் காலையில் ஜாய்ஸ் கண் விழித்தபோது பக்கத்தில் ஜூடித் இல்லை. மருத்துவர்களின் அறிவுரைப்படி பெற்றோர் அவரைக் கொலம்பஸ் நகரில் இருந்த அரசு விடுதியில் சேர்த்திருந்தார்கள். குறைபாடுள்ள பிள்ளைகளை விடுதியில் விடுவதுதான் குடும்பத்துக்கு நல்லது என்று மருத்துவர்களே சொன்ன காலம் அது.

விடுதிப் பதிவுகளில் ஒரு சிறு தகவல் இருக்கிறது. மற்ற பிள்ளைகள் வண்ணக் குச்சிகளால் வரைந்துகொண்டிருந்தபோது ஜூடித்தும் ஒன்றை எடுத்தாராம். இவருக்கு வரையும் அளவுக்குப் புத்தி இல்லை என்று அதைப் பிடுங்கிவிட்டார்கள்.

பிற்காலத்தில் உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் தேடிப் போன கலைஞரின் கையிலிருந்து, குழந்தைப் பருவத்திலேயே வண்ணக் குச்சி பறிக்கப்பட்டது. அவருடைய வாழ்க்கைக் கதையில் மறக்கக்கூடாத இடம் இதுதான்.

ஜூடித்திடம் பேச ஒரு மொழி இல்லை. பேச்சு மொழி காதில் விழவில்லை. சைகை மொழியை யாரும் காட்டவில்லை. 35 ஆண்டுகள் அவர் மனிதர்களுக்கு நடுவில் இருந்தார். ஆனால் யாருடைய உரையாடலிலும் இல்லை.

கலை மையத்தில் சேர்ந்ததும் நூலை எடுத்துவிட்டாரா?

இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கதை சினிமா மாதிரி ஆகிவிடும்.

'கிரியேட்டிவ் குரோத்' என்பது 1974-ல் ஃபுளோரன்ஸ் லூடின்ஸ் காட்ஸ், எலியாஸ் காட்ஸ் தம்பதியர் தொடங்கிய மையம். மாற்றுத்திறனாளிகள் தினமும் வந்து கலைப் பணி செய்யும் கூடம் அது. பெரிய விடுதிகளை மூடிவிட்டு அங்கிருந்தவர்களைச் சமூகத்துக்குள் கொண்டுவந்த காலத்தில், "வெளியே வந்தவர்கள் பகல் முழுக்க என்ன செய்வது?" என்ற கேள்விக்கு இவர்கள் கொடுத்த பதில் இது.

1987 ஏப்ரலில் ஜூடித் அங்கே சேர்ந்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் எதிலும் அவருக்குப் பெரிய ஈடுபாடு வரவில்லை. காகிதத்தில் வளைவு வளைவாகக் கிறுக்குவார். களிமண், ஓவியம் எதுவும் அவரை இழுக்கவில்லை. அவரை அங்கிருந்து அனுப்பிவிடலாம் என்று யாராவது முடிவெடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அந்தச் சமயத்தில் சில்வியா செவென்டி என்ற இழைக் கலைஞர் மையத்துக்கு வந்து வகுப்பு எடுத்தார். மேசையில் கிடந்த குச்சிகளையும் நூலையும் ஜூடித் எடுத்தார். குச்சிகளைச் சேர்த்துக் கட்டினார். மேலே சுற்றினார். வகுப்பில் சொல்லிக் கொடுத்த மாதிரி அவர் செய்யவில்லை. தனக்குத் தோன்றிய மாதிரி செய்தார். அந்த நாள் தொடங்கி, இறக்கும்வரை அவர் நிறுத்தவில்லை.

வாரத்தில் ஐந்து நாள் வருவார். தன் மேசையில் உட்காருவார். ஒரு படைப்பு முடியச் சில வாரங்கள் ஆகும், சில சமயம் பல மாதங்கள் ஆகும். எது முடிந்தது, எது முடியவில்லை என்பதை அவரே தீர்மானித்தார். முடிந்ததும் அதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததை ஆரம்பிப்பார். ஊழியர்கள் நிறத்தையோ வடிவத்தையோ திருத்தவில்லை. பொருள் கொடுத்தார்கள், நேரம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அவர் செய்தது நெசவா, தையலா, பின்னலா?

எதுவும் இல்லை என்றே சொல்லலாம். தறி இல்லை, ஊசி வேலையும் முக்கியம் இல்லை. அவருடைய முறை மூன்றே செயல்கள்: சுற்றுவது, முடிச்சுப் போடுவது, இழையை இழைக்குள் நுழைத்து இழுப்பது.

முதலில் நடுவில் வைக்க ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பார். மரக்குச்சி, பிளாஸ்டிக் குழாய், மின்விசிறி, நாற்காலி, சைக்கிள் சக்கரம் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். கடைசிக் காலப் படைப்பு ஒன்றில் பேரங்காடித் தள்ளுவண்டி ஒன்றே உள்ளே இருக்கிறது. சில பொருள்கள் மையத்தில் சும்மா கிடந்தவை. சில, யாரோ மேசையில் வைத்துவிட்டு மறந்தவை; ஜூடித் கண்ணில் பட்டால் காணாமல் போய்விடும்!

பிறகு அதன்மேல் நூல் ஏறும். ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம். ஓர் இடத்தில் இறுக்கம், இன்னோர் இடத்தில் தளர்வு. கடைசியில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத அளவுக்கு மூடிவிடும். சில கையில் அடங்கும் அளவு. சில ஓர் ஆள் கட்டிப்பிடிக்கும் அளவு.

ஒரு முறை நூல் கிடைக்காதபோது, கைதுடைக்கும் காகிதங்களை முறுக்கி, முடிச்சுப் போட்டுச் சேர்த்தே ஒரு முழுப் படைப்பைச் செய்தார். நிறமே இல்லாத அந்த வெள்ளைப் படைப்பு அவருடைய முக்கியமான வேலைகளில் ஒன்றாக இன்று பேசப்படுகிறது. நூல் ஒரு வழிதான், அவருக்குள் இருந்த தேவை கட்டுவதும் சுற்றுவதும் என்று அது காட்டுகிறது.

அவருடைய படைப்புகள் எதைப் பற்றியவை?

அவர் எதற்கும் பெயர் வைக்கவில்லை. விளக்கம் தரவில்லை. அதனால் 'இதுதான் பொருள்' என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் படைப்புகளில் திரும்பத் திரும்ப வருகிற சில விஷயங்களைக் கண்ணால் பார்க்கலாம்.

முதலாவது, மறைத்துப் பாதுகாப்பது. ஒவ்வொன்றிலும் ஒரு பொருள் உள்ளே பத்திரமாக இருக்கிறது. எந்தப் பொருளும் சொந்தமாக இல்லாத விடுதியில் வளர்ந்தவர், கிடைத்ததை எல்லாம் தன்னுடையதாக்கிச் சுற்றி வைத்தார் என்று சிலர் சொல்கிறார்கள். ஊகம்தான், ஆனால் பொருத்தமான ஊகம்.

இரண்டாவது, ஜோடி. தொடக்கக் காலப் படைப்புகளில் இரண்டு உருவங்கள் ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கட்டப்பட்ட மாதிரியான வடிவங்கள் வருகின்றன. பிரிக்கப்பட்ட இரட்டைச் சகோதரியை நினைக்காமல் அவற்றைப் பார்ப்பது கடினம்.

மூன்றாவது, தொடுதல். புகைப்படக் கலைஞர் லியோன் போரென்ஸ்டைன் எடுத்த ஒரு படம் புகழ்பெற்றது. ஜூடித் தன் சிற்பத்தில் முகத்தைப் புதைத்து, இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு நிற்கிறார். அமெரிக்க அறிஞர் ஈவ் கோசோஃப்ஸ்கி செட்விக் 2003-ல் வெளியிட்ட தன் நூலின் அட்டையில் இந்தப் படத்தைத்தான் வைத்தார். ஒரு படைப்பாளிக்கும் படைப்புக்கும் உள்ள நெருக்கத்தை விளக்க அதைவிட நல்ல படம் அவருக்குக் கிடைக்கவில்லை.

நான்காவது, நிறம். அவர் கண்ணை மூடிக்கொண்டு நூலை இழுத்தவர் இல்லை. அடர் நீலத்துக்குள் ஒரு மெல்லிய சிவப்பு இழை, பழுப்புக்கு நடுவில் திடீரென்று ஒரு மஞ்சள். எந்த இடத்தில் எது தெரிய வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

தோட்டத்து வீடுகளில் பழைய சேலையைக் கிழித்து விட்டத்தில் தூளி கட்டியவர்களுக்கு, துணியால் சுற்றுவதும் பாதுகாப்பதும் ஒரே வேலை என்பது தெரியும். ஜூடித்தின் சிற்பங்களைப் புரிந்துகொள்ளக் கலைக் கல்லூரிப் படிப்பு வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

காதுகேளாதோர் கலை என்று தனியாக ஒன்று உண்டா?

உண்டு. 1989-ல் அமெரிக்காவின் கல்லொடெட் பல்கலைக்கழகத்தில் காதுகேளாத கலைஞர்கள் சிலர் கூடி ஓர் அறிக்கை தயாரித்தார்கள். காதுகேளாதவராக வாழும் அனுபவத்தையே கருவாகக் கொண்ட கலைக்கு 'டீவியா' என்று பெயர் வைத்தார்கள். கைகள், கண்கள், காதுகள், அழுத்தமான நிறங்கள் ஆகியவை அந்தப் படைப்புகளில் அடிக்கடி வரும். சைகை மொழி பேசும் சமூகத்தின் பெருமையும், அது ஒடுக்கப்பட்ட கோபமும் அதில் இருக்கும்.

ஜூடித் ஸ்காட் அந்த இயக்கத்தைச் சேர்ந்தவர் இல்லை. சேர அவருக்கு வாய்ப்பும் இல்லை. காரணம், அவருக்குச் சைகை மொழியே கிடைக்கவில்லை. காது கேட்காமல் இருப்பது ஒன்று, காதுகேளாதோர் சமூகத்தில் ஒருவராக, ஒரு மொழியோடு வாழ்வது வேறு. முதலாவது அவருக்கு நோயால் வந்தது. இரண்டாவது அவருக்கு மறுக்கப்பட்டது.

அவரைப் போன்ற இன்னொருவர் ஜேம்ஸ் காசில். 1899-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பிறந்து 1977-ல் இறந்தவர். பிறவியிலேயே காது கேட்காது. அடுப்புக் கரியை எச்சிலில் குழைத்து வரைந்தார். பழைய அட்டைகளையும் காகிதங்களையும் நூலால் கட்டிப் பறவை, சட்டை, வீடு என்று உருவங்கள் செய்தார். அவரைக் குடும்பம் வீட்டிலேயே வைத்திருந்தது. அதனால் வாழ்நாள் முழுக்கப் படைத்துக்கொண்டே இருக்க முடிந்தது. ஜூடித்துக்கு 43 வயதுக்குப் பிறகுதான் அந்த இடம் கிடைத்தது. இருவருக்கும் உள்ள வித்தியாசத்தைத் திறமையில் தேட வேண்டாம், கிடைத்த இடத்தில் தேடுங்கள்.

உலகம் அவரை எப்போது கவனித்தது?

1999-ல் கலை வரலாற்றாசிரியர் ஜான் மெக்ரெகர் அவரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதே சமயத்தில் கண்காட்சியும் நடந்தது. அதன் பிறகு பெயர் வேகமாகப் பரவியது. அவர் இறந்தபின், 2014 அக்டோபர் முதல் 2015 மார்ச் வரை நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிப் பெரிய கண்காட்சி நடத்தியது. 2017-ல் வெனிஸ் பினாலேயில் அவருடைய சிற்பங்கள் இடம்பெற்றன. சகோதரி ஜாய்ஸ் தங்கள் கதையை 2016-ல் நூலாக வெளியிட்டார். 2024-ல் சான் ஃபிரான்சிஸ்கோ நவீன கலை அருங்காட்சியகம் 'கிரியேட்டிவ் குரோத்' மையத்தின் 50 ஆண்டுகளைக் கொண்டாடும் கண்காட்சியை நடத்தியது. அந்த மையக் கலைஞர்களின் 100-க்கும் மேற்பட்ட படைப்புகளைத் தன் தொகுப்பிலும் சேர்த்துக்கொண்டது.

இதில் ஒரு விவாதமும் உண்டு. இவரை 'வெளியாள் கலைஞர்' என்று தனிப் பெட்டியில் போடுவது சரியா? அவருடைய வாழ்க்கையின் சோகத்தைச் சொல்லித்தான் படைப்பை மதிக்கணுமா? புரூக்ளின் கண்காட்சிக்குப் பிறகு, அவரைச் சமகாலச் சிற்பிகளில் ஒருவராகவே பார்க்க வேண்டும் என்ற குரல் வலுத்தது.

பேராக்கில் நிலைமை எப்படி இருந்தது?

இப்போது நம் பக்கம் வருவோம். கோலகங்சாரில் 1877-ல் நடப்பட்ட ரப்பர் கன்றுகளிலிருந்து தொடங்கியது பேராக்கின் ரப்பர் வரலாறு. அதன் பின்னால் வந்த தோட்டங்களில்தான் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டின. விடியுமுன் பெரட்டு, பிறகு வேலைக்காடு. பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை அங்கே யார் கவனிப்பது? தோட்டத்து டிரஸர் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார். செவித்திறனை அளக்கும் கருவி அவரிடம் இருக்காது.

அந்தப் பிள்ளைக்கு 'ஊமை' என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். சொந்தப் பெயர் மறந்தே போகும். உண்மையில் காது கேளாத பெரும்பாலானோருக்குக் குரல் நாளங்களில் எந்தப் பிரச்சினையும் இல்லை. கேட்காததால் பேச்சைப் பழக முடியவில்லை, அவ்வளவுதான். 'ஊமை' என்ற சொல் உடல்நிலையைத் தவறாகச் சொல்கிறது, ஆளையும் காயப்படுத்துகிறது.

பள்ளி? 1954-ல் பினாங்கில் காதுகேளாத பிள்ளைகளுக்கான கூட்டரசுப் பள்ளி தொடங்கியது. விடுதியோடு கூடிய பள்ளி. ஆனால் அப்போது வகுப்பறையில் உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழக்கும் முறைதான் நடந்தது. கையால் பேசுவதை ஊக்குவிக்கவில்லை. பிள்ளைகளோ விடுதியில் தங்களுக்குள் கையால் பேசிக்கொண்டார்கள். 1970-களில்தான் சைகையும் பேச்சும் சேர்ந்த கற்பித்தல் வந்தது. மலேசியச் சைகை மொழியான பிம், பள்ளிகளுக்கு வெளியே காதுகேளாத மக்களே வளர்த்தெடுத்த மொழி. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதை மலேசியக் காதுகேளாதோரின் அதிகாரப்பூர்வச் சைகை மொழியாக ஏற்றது. 2010-ல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையையும் மலேசியா ஏற்று உறுதி செய்தது.

தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், நண்பர்களோடு சைகை மொழி. பாட்டி சொல்வது பேரனுக்குத் தெரியாது, பேரன் கையால் சொல்வது பாட்டிக்குத் தெரியாது. ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் உரையாடலுக்கு வெளியே நிற்கும் நிலை, ஜூடித்துக்கு விடுதியில் நடந்தது, இங்கே வீட்டுக்குள்ளேயே நடக்கலாம்.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியது என்ன?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகம் முழுவதும் 43 கோடிப் பேருக்குச் செவித்திறன் குறைபாட்டுக்கான மறுவாழ்வுச் சேவை தேவைப்படுகிறது. இவர்களில் 3 கோடியே 40 லட்சம் பேர் பிள்ளைகள். பிள்ளைகளிடம் காணப்படும் குறைபாட்டில் ஏறக்குறைய 60 விழுக்காடு, தடுப்பூசி, காதுத் தொற்றுக்குச் சிகிச்சை போன்றவற்றால் தவிர்க்கக்கூடிய காரணங்களால் வருகிறது.

மொழி வேரூன்றும் காலம் முதல் சில ஆண்டுகள்தான். அதனால் மருத்துவ உலகில் '1-3-6' என்ற ஒரு கணக்கு உண்டு. பிறந்த 1 மாதத்துக்குள் முதல் காதுப் பரிசோதனை, சந்தேகம் இருந்தால் 3 மாதத்துக்குள் உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் உதவியைத் தொடங்குவது.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் தாமதிக்காதீர்கள்:

- பெரிய சத்தத்துக்கும் குழந்தை திடுக்கிடவில்லை.
- 6 மாதம் ஆகியும் குரல் வரும் திசைக்குத் திரும்பவில்லை.
- ஒரு வயது தாண்டியும் 'அம்மா' போன்ற ஒற்றைச் சொல்லும் வரவில்லை.
- பேச ஆரம்பித்த பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டது.
- காதில் சீழ் வடிகிறது, அல்லது கடுமையான காய்ச்சலுக்குப் பிறகு கூப்பிட்டால் கவனிப்பதில்லை.

"அப்பா வழியில எல்லாரும் லேட்டாத்தான் பேசுவாங்க" என்ற சமாதானம் நம் வீடுகளில் சகஜம். இருக்கலாம். ஆனால் பரிசோதனை செய்து பார்த்துவிட்டுச் சமாதானம் சொல்வதில் நஷ்டம் இல்லை. பக்கத்து அரசு சுகாதார கிளினிக்கில் சொன்னால், காது மூக்கு தொண்டைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். பேராக்கில் ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை மாநிலத்தின் முதன்மை அரசு மருத்துவமனை.

பரிசோதனையில் கேளாமை உறுதியானால்? காது கருவி, பேச்சுப் பயிற்சி, சைகை மொழி இவற்றில் ஒன்றைத்தான் எடுக்கணும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கருவி பழகும்வரை பிள்ளையை மொழியில்லாமல் காத்திருக்க வைக்காமல் இருப்பதுதான் முக்கியம். சைகை மொழியைப் பிள்ளை மட்டும் கற்றால் போதாது. அம்மா, அப்பா, அண்ணன், அக்கா எல்லாரும் நாலு சொல்லாவது கற்றால்தான் அது வீட்டு மொழி ஆகும்.

வயதில் பெரியவர்களுக்கு என்ன வழி?

ஜூடித்தின் கதை பெரியவர்களுக்கும் பேசுகிறது. அவர் தொடங்கியது 43 வயதில். நம் குடும்பங்களிலும் பரிசோதனையே செய்யப்படாமல் நடுத்தர வயதைத் தாண்டிய சித்தி, பெரியப்பா, தம்பி இருக்கலாம். "இனிமே பார்த்து என்ன ஆகப்போகுது?" என்று விட்டுவிட வேண்டாம்.

சமூக நலத் துறையில் பதிவு செய்தால் ஓகேயு அட்டை கிடைக்கும். அதில் செவித்திறன், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பலவகை என 7 பிரிவுகள் உள்ளன. ஒருவருக்குக் கற்றல் குறைபாடும் கேளாமையும் சேர்ந்தே இருந்தால், ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடாமல் இரண்டையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஜூடித்தின் விஷயத்தில் ஒன்று மற்றதை மறைத்ததுதான் எல்லாத் துன்பத்துக்கும் தொடக்கம்.

சமூக நலத் துறையின் ஆதரவோடு நடக்கும் பிடிகே எனப்படும் சமூக மறுவாழ்வு மையங்கள் பேராக் உட்பட நாடு முழுவதும் உள்ளன. அங்கே கைவினைப் பயிற்சியும் நடப்பது உண்டு. அப்படிப்பட்ட இடத்துக்கு உங்கள் வீட்டில் ஒருவர் போகிறார் என்றால், அவர் செய்து வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மாதிரியைப் பார்த்து அப்படியே செய்ய வைக்கிறார்களா, அவர் இஷ்டத்துக்கு விடுகிறார்களா என்று விசாரியுங்கள். 'கிரியேட்டிவ் குரோத்' மையத்தில் ஜூடித்துக்குக் கிடைத்தவை மூன்றுதான்: தரமான பொருள், போதிய நேரம், குறுக்கிடாத ஆசிரியர். இவற்றில் எதுவும் எட்டாத விலை இல்லை.

ஜூடித் ஸ்காட் 2005 மார்ச்சில், கலிஃபோர்னியாவில், சகோதரி ஜாய்ஸின் அருகிலேயே இறந்தார். 7 வயதில் பிரிக்கப்பட்டவர்கள் கடைசி 18-19 ஆண்டுகள் மீண்டும் ஒன்றாக இருந்தார்கள். அவர் விட்டுச் சென்ற படைப்புகள் இத்தனை என்று எண்ணிவிடலாம். அதற்கு முந்தைய 35 ஆண்டுகளில் அவர் என்னவெல்லாம் செய்திருக்க முடியும் என்பதை யாராலும் எண்ண முடியாது. நம் வீட்டில், நம் பக்கத்து வீட்டில் கூப்பிட்டால் திரும்பாத ஒரு பிள்ளை இருந்தால், அந்தக் கணக்கு இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. முதல் வேலை, காதைச் சோதிப்பது.